முதலில் வந்த பதில்

2008 ஜூலை 8, செவ்வாய்க்கிழமை. மைக்ரோசாஃப்ட், சிஸ்கோ, சன் மைக்ரோசிஸ்டம்ஸ், பைண்ட் மென்பொருளைப் பராமரிக்கும் ஐஎஸ்சி என்று சந்தையில் ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டிருந்த பலர், ஒரே நாளில் தங்கள் மென்பொருளுக்கு ஒட்டுப் போட்டார்கள். ஓட்டை இருப்பது, பெயர்களை எண்களாக மாற்றித் தரும் டிஎன்எஸ்ஸில் என்பதைத் தாண்டி ஒருவரும் வாய் திறக்கவில்லை. அந்த ஓட்டையைக் கண்டுபிடித்த டான் காமின்ஸ்கி என்ற இருபத்தொன்பது வயது இளைஞர், ஆகஸ்டில் லாஸ் வேகஸில் நடக்கும் பிளாக் ஹேட் மாநாட்டில் விவரத்தைச் சொல்வதாகவும், அதுவரை யாரும் ஊகித்து வெளியில் எழுத வேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டார்.

அவர் கண்டது ஏதோ ஒரு நிறுவனத்தின் புரோகிராமர் தூக்கக் கலக்கத்தில் செய்த பிழையாக இருந்தால், ஒரு நிறுவனத்தோடு விஷயம் முடிந்திருக்கும். இது வடிவமைப்பிலேயே இருந்த ஓட்டை. கால் நூற்றாண்டாக எல்லோர் கண் முன்னாலும் கிடந்தது. அது என்னவென்று புரிய, ஒரு பெயர் எப்படி எண்ணாக மாறுகிறது என்பதை முதலில் பார்த்துவிடுவோம்.

இன்டர்நெட்டின் முன்னோடியான அர்பாநெட்டில் கம்ப்யூட்டர்கள் சில நூறுதான். அவற்றின் பெயர்களும் முகவரி எண்களும் ஹோஸ்ட்ஸ் என்ற ஒரே கோப்பில் அடங்கின. கலிபோர்னியாவின் மென்லோ பார்க்கில், எஸ்ஆர்ஐ நிறுவனத்தில் எலிசபெத் ஃபைன்லர் தலைமையில் இயங்கிய குழு அதைப் பராமரித்தது. புதிதாக ஒரு கம்ப்யூட்டர் வந்தால் அவர்களிடம் சொல்ல வேண்டும். அவர்கள் கோப்பில் சேர்ப்பார்கள். மற்றவர்கள் அவ்வப்போது அந்தக் கோப்பை இறக்கிக்கொள்வார்கள். கூட்டம் பெருகப் பெருக இது தாங்கவில்லை. ஒரே பெயரை இருவர் வைத்துக்கொண்டார்கள், கோப்பு வந்து சேருவதற்குள் பழசாகிப்போனது.

1983 நவம்பரில் தெற்கு கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் தகவல் அறிவியல் நிறுவனத்தில் இருந்த பால் மொக்கபெட்ரிஸ் இதற்கு மாற்று எழுதினார். எல்லாப் பெயரையும் ஒருவரே வைத்திருக்க வேண்டாம். தன் கீழே வரும் பெயர்களுக்கு யார் பொறுப்பு என்று மட்டும் ஒவ்வொருவரும் தெரிந்துவைத்திருந்தால் போதும். 1987இல் திருத்தி எழுதப்பட்ட அந்த ஆவணங்கள்தான் இன்றைக்கும் டிஎன்எஸ்ஸின் அடித்தளம். கணினி உலகில் நாற்பது வருடம் என்பது யுகக்கணக்கு.

தமிழில் ஒரு பெயரையே எடுத்துக்கொள்வோம்: உதாரணம்.இந்தியா. (2007 அக்டோபரில், ஆங்கில எழுத்தல்லாத டொமைன்கள் வேலை செய்கின்றனவா என்று பார்க்கப் பதினோரு சோதனைப் பெயர்களை நுழைத்தார்கள். அதில் தமிழும் ஒன்று, உதாரணம்.பரிட்சை என்று ஒரு முகவரி சில காலம் உண்மையிலேயே இயங்கியது. இன்று .இந்தியா, .இலங்கை, .சிங்கப்பூர் என்ற மூன்று தமிழ் முடிவுகள் இருக்கின்றன.) அந்தப் பெயரை நீங்கள் செல்போனில் தட்டியதும், அது ஆங்கில எழுத்தும் எண்ணும் கலந்த ஒரு சரமாக மாறுகிறது. எக்ஸ், என், பின் இரண்டு சிறு கோடுகள் என்றுதான் அப்படிப்பட்ட சரம் எப்போதும் தொடங்கும். கம்பி வழியே போவது அதுதான். தமிழ் எழுத்து திரையோடு நின்றுவிடுகிறது.

செல்போன் நேராக எங்கும் போய்த் தேடாது. அதற்குச் சோம்பல் அதிகம். உங்களுக்கு இணைப்பு தரும் நிறுவனம் நடத்தும் ரிசால்வர் என்ற சர்வரிடம் கேள்வியைத் தள்ளிவிடும். அலைவது ரிசால்வரின் பாடு. அது முதலில் ரூட் சர்வரிடம் போகும். “உதாரணம் யாரென்று எனக்குத் தெரியாது. .இந்தியாவுக்குப் பொறுப்பானவர்கள் இவர்கள், போய்க் கேள்” என்று ரூட் அனுப்பிவைக்கும். அவர்களும் ஐபி எண் எனப்படும் முகவரி எண்ணைத் தர மாட்டார்கள். உதாரணம் என்ற பெயரை வாங்கியவர் எந்த சர்வரில் விவரம் வைத்திருக்கிறார் என்று கைகாட்டுவார்கள். மூன்றாவதாகப் போகும் அந்த சர்வர்தான் ஐபி எண்ணைச் சொல்லும். இத்தனையும் கண்ணிமைப்பதற்குள் முடிந்துவிடுகிறது.

ஒவ்வொரு முறையும் இப்படி அலைந்தால் கட்டுப்படியாகாது. அதனால் கிடைத்த பதிலை ரிசால்வர் ஞாபகத்தில் வைத்துக்கொள்கிறது. எவ்வளவு நேரம் வைத்துக்கொள்ளலாம் என்று பதிலிலேயே நொடிக் கணக்கில் எழுதியிருக்கும். .காம் எங்கே என்று ரூட் தரும் பதிலில் அந்த எண் 1,72,800. அதாவது முழுதாக இரண்டு நாள். இந்த ஞாபகத்தைத்தான் கேஷ் என்கிறார்கள். நம் கதையில் பின்னால் வரும் விஷம் கலப்பதெல்லாம் இதில்தான்.

ரூட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதைச் சுற்றிக் கட்டுக்கதைகள் அதிகம். உலகில் பதின்மூன்றே ரூட் சர்வர்கள் இருப்பதாகவும், அவற்றை வீழ்த்தினால் இன்டர்நெட் நின்றுவிடும் என்றும் இன்னமும் எழுதுகிறார்கள். இருப்பது பதின்மூன்று பெயர்கள். ஏ முதல் எம் வரை. அன்றைய விதிப்படி ஒரு டிஎன்எஸ் பதில் 512 பைட்டுக்குள் அடங்க வேண்டும். அதற்குள் பதின்மூன்று பேரின் விவரத்தைத்தான் வசதியாக எழுத முடிந்தது. அவற்றை நடத்துபவை நாசா, மேரிலாண்ட் பல்கலைக்கழகம், ஜப்பானின் வைட் புராஜெக்ட் உள்ளிட்ட பன்னிரண்டு அமைப்புகள். ஒரே ஐபி எண்ணை உலகின் பல இடங்களில் ஒரே சமயத்தில் அறிவிக்கும் எனிகாஸ்ட் முறையால், பெயர் பதின்மூன்றாக இருந்தாலும் நிஜத்தில் இயங்கும் பிரதிகள் ஆயிரத்தைத் தாண்டிவிட்டன. எஃப் சர்வரின் பிரதி ஒன்று சென்னையிலும் உண்டு. இவை எல்லாம் சுமக்கும் கோப்பைப் பார்த்தால் ஏமாற்றமாக இருக்கும்: இரண்டு எம்பி அளவுள்ள வெறும் டெக்ஸ்ட். நம் செல்போனில் எடுக்கும் ஒரு போட்டோகூட அதைவிடப் பெரிது.

இந்தக் கோப்புகளின் இலக்கணம் மிகக் கறார். முழுப்பெயர் என்றால் கடைசியில் ஒரு புள்ளி இருக்க வேண்டும். புள்ளி இல்லாவிட்டால், பெயர் பாதியில் நிற்கிறது என்று நினைத்துக்கொண்டு மென்பொருள் தானே மீதியை ஒட்டிவிடும். 2009 அக்டோபர் 12 அன்று ஸ்வீடனில் இதுதான் நடந்தது. .எஸ்இ கோப்பைத் தயாரிக்கும் ஸ்கிரிப்டில் ஏதோ மாற்றம் செய்தவர்கள் கடைசிப் புள்ளியை விட்டுவிட்டார்கள். எல்லாப் பெயரின் பின்னாலும் இன்னொரு .எஸ்இ ஒட்டிக்கொள்ள, ஒரு நாட்டின் டொமைன்கள் அத்தனையும் காணாமல் போயின. பிழையை விரைவிலேயே திருத்திவிட்டார்கள். ஆனால் தப்பான பதில் உலகெங்கும் கேஷ்களில் ஏறியிருந்ததால், அது காலாவதி ஆகும்வரை காத்திருப்பதைத் தவிர வழியில்லை.

இனி ஓட்டைக்கு வருவோம்.

ரிசால்வர் கேள்வியை அனுப்புவது யுடிபி பாக்கெட்டில். முன்கூட்டி அறிமுகம் செய்துகொள்வது, கைகுலுக்குவது எதுவும் யுடிபியில் கிடையாது. ஒரு பாக்கெட் போகும், ஒரு பாக்கெட் வரும், அவ்வளவுதான். ஒரே நேரத்தில் ஆயிரக்கணக்கான கேள்விகள் காற்றில் இருக்கும் என்பதால் ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 65,535 வரை ஓர் எண்ணை ரிசால்வர் இடும். திரும்பி வரும் பாக்கெட்டில் அதே எண் இருக்கிறதா, அதே கேள்வி இருக்கிறதா, கேட்ட இடத்திலிருந்து வந்ததாக மேலே எழுதியிருக்கிறதா, கேள்வி கிளம்பிய அதே போர்ட்டுக்கு, அதாவது கம்ப்யூட்டரின் அதே வாசல் எண்ணுக்கு, வந்திருக்கிறதா என்று பார்க்கும். எல்லாம் பொருந்தினால் அதுதான் பதில். பிறகு உண்மையான பதில் வந்து வாசலில் நின்றாலும் அதைத் தூக்கி எறிந்துவிடும். முதலில் வந்தவன் சொன்னதே வேதம்.

அனுப்பியவர் முகவரியை யார் வேண்டுமானாலும் பொய்யாக எழுதலாம். கேள்வியும் எதிரிக்குத் தெரியும். ஏனென்றால் அதைக் கேட்க வைப்பதே அவன்தான். போர்ட் எண்ணைப் பல சர்வர்கள் மாற்றாமல் ஒரே எண்ணையே வைத்திருந்தன. மிஞ்சியது அந்த 65,536இல் ஓர் எண்.

இது ஆபத்து என்று முதலில் சொன்னவர் காமின்ஸ்கி இல்லை. பெல் லேப்ஸில் இருந்த ஸ்டீவன் பெல்லோவின், டிஎன்எஸ்ஸைப் பொய் சொல்ல வைத்துக் கம்ப்யூட்டர்களுக்குள் நுழையலாம் என்று 1990இலேயே கட்டுரை எழுதினார். எழுதியதை வெளியிட அவருக்கே பயமாக இருந்தது; 1995இல்தான் அச்சேறியது. 1997இல் யூஜின் காஷ்பியூரெஃப் என்பவர், அன்று டொமைன் பதிவைத் தன் கையில் வைத்திருந்த இன்டர்நிக்கின் தளத்துக்குப் போக நினைத்தவர்களைத் தன் தளத்துக்கு இழுத்துவந்தார். கேட்ட கேள்விக்குப் பதிலோடு, கேட்காத விவரத்தையும் சேர்த்து அனுப்பினால் ரிசால்வர்கள் அதையும் நம்பிச் சேமித்துக்கொண்ட காலம் அது. அதன் பிறகு ஒரு கட்டுப்பாடு வந்தது: கேட்ட டொமைனுக்கு உட்பட்ட விவரத்தை மட்டுமே ஏற்க வேண்டும்.

அந்தக் கட்டுப்பாட்டோடு கேஷும் சேர்ந்ததில் எல்லோரும் நிம்மதியாக இருந்தார்கள். எதிரி ஒருமுறை எண்ணை ஊகித்துத் தோற்றால், உண்மையான பதில் கேஷில் ஏறிவிடும். அடுத்த வாய்ப்புக்கு அவன் ஒரு நாளோ இரண்டு நாளோ காத்திருக்க வேண்டும். 65,536இல் ஒன்று, அதுவும் நாளுக்கு ஒருமுறை என்றால் எந்தத் திருடனுக்குப் பொறுமை இருக்கும்?

காமின்ஸ்கி உடைத்தது இந்தக் காத்திருப்பைத்தான். வங்கியின் பெயரையே கேட்பானேன்? அ1.வங்கி, அ2.வங்கி, அ3.வங்கி என்று இல்லாத பெயர்களாகக் கேட்டுக்கொண்டே போகலாம். இல்லாத பெயர் கேஷில் இருக்காது. ஆகவே ஒவ்வொரு கேள்விக்கும் ரிசால்வர் புதிதாக வெளியே போயாக வேண்டும், ஒவ்வொன்றும் எதிரிக்கு ஒரு புதுப் பந்தயம். அவன் அனுப்பும் பொய்ப் பதிலில், “அ3 எனக்குத் தெரியாது. வங்கி டொமைனுக்குப் பொறுப்பான சர்வர் இன்ன எண்ணில் இருக்கிறது, போய்க் கேள்” என்று எழுதியிருக்கும். கேட்ட டொமைனுக்கு உட்பட்ட விவரம்தானே? 1997க்குப் பின் வந்த கட்டுப்பாடு அதைத் தடுக்காது. ஆயிரம் தடவை தோற்றாலும் கவலையில்லை, ஒருமுறை எண் பொருந்தினால் போதும். அந்த நொடியிலிருந்து அந்த ரிசால்வரைக் கேட்கும் அத்தனை வாடிக்கையாளருக்கும் வங்கி என்பது எதிரியின் கம்ப்யூட்டர். அதற்கு வேண்டிய நேரம் சில நொடிகள்.

டிஎன்எஸ் சர்வர்களை இயக்கும் பைண்ட் மென்பொருளோடு நெடுங்காலப் பழக்கமுள்ள பால் விக்ஸியிடம் காமின்ஸ்கி சொன்னார். 2008 மார்ச் 31 அன்று ரெட்மண்டில் மைக்ரோசாஃப்ட் வளாகத்தில் பதினாறு பேர் ரகசியமாகக் கூடினார்கள். ஒட்டாக அவர்கள் தேர்ந்தெடுத்தது போர்ட் எண்ணையும் ஒவ்வொரு கேள்விக்கும் மாற்றிக்கொண்டே இருப்பது. இரண்டு எண்ணையும் சேர்த்து ஊகிப்பது என்றால் எதிரிக்கு வாய்ப்பு கோடிக்கணக்கில் ஒன்றாகச் சுருங்கும். டேனியல் பெர்ன்ஸ்டைன் தன் டிஜேபிடிஎன்எஸ் மென்பொருளில் பல வருடங்களுக்கு முன்பே செய்துவைத்த ஏற்பாடு அது. அவர் சொன்னபோது பெரிதாக யாரும் காது கொடுக்கவில்லை.

ரகசியம் ஆகஸ்ட் வரை தாங்கவில்லை. ஒட்டு வெளியான பதின்மூன்றாம் நாள், ஹால்வர் ஃப்ளேக் என்ற புனைபெயரில் எழுதும் ஆய்வாளர் ஊகித்து எழுதிவிட்டார். விவரம் தெரிந்த வேறொருவர் எழுதிவைத்திருந்த விளக்கமும் அவசரத்தில் வெளியாகிப் பரவியது. இரண்டு நாளில் தாக்குதல் கருவியே பொதுவில் கிடைத்தது. அதற்குள் எல்லோரும் ஒட்டுப் போட்டுவிடவில்லை. போட்டவர்களில் சிலருக்கு இன்னொரு சோதனை: அலுவலக வாசலில் இருந்த ஃபயர்வால், ரிசால்வர் கலைத்துக் கலைத்து அனுப்பிய போர்ட் எண்களை மறுபடி வரிசையாக அடுக்கி வெளியே விட்டது.

போர்ட்டைக் கலைப்பது தீர்வு இல்லை, அவகாசம்தான். 2020இல் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் ரிவர்சைட் வளாகத்தையும் பெய்ஜிங்கின் சிங்ஹுவா பல்கலைக்கழகத்தையும் சேர்ந்த ஆய்வாளர்கள், எந்த போர்ட் திறந்திருக்கிறது என்பதைச் சுற்றுவழியில் கண்டுபிடித்துக் காட்டினார்கள். பாதி பாதுகாப்பு அதோடு போயிற்று. பதில் உண்மைதானா என்று பதிலை வைத்தே சோதிக்க முடிந்தால்தான் இந்தத் தொல்லை தீரும்.

அதற்கு ஏற்பாடு ஏற்கெனவே தயாராகிக்கொண்டிருந்தது. டிஎன்எஸ்செக் என்று பெயர். சொத்து வாங்குகிறவர் தாய்ப்பத்திரம் கேட்பதைப் போன்ற முறை. ஒவ்வொரு பதிலோடும் ஒரு டிஜிட்டல் கையொப்பம் வரும். அந்தக் கையொப்பத்துக்கான சாவி நிஜமானது என்று மேலே உள்ள டொமைன் கையொப்பமிட்டிருக்கும். அதற்கு மேலே உள்ளது அதற்கு. கடைசியில் ரூட்டின் சாவியில் போய் நிற்கும். பொதுவில் அறிவிக்கப்பட்ட அந்த ஒரு சாவி ரிசால்வரிடம் இருந்தால், பாக்கெட் எந்தக் குறுக்குச்சந்து வழியாக வந்தாலும் உண்மையா பொய்யா என்று தானே கணக்குப் போட்டுச் சொல்லிவிடும். முதல் வரைவு 1997இலேயே வந்தது, உருப்படியான வடிவம் 2005இல். காமின்ஸ்கி கிளப்பிய பயம்தான் அதை நடைமுறைக்குத் தள்ளியது. 2010 ஜூலை 15 அன்று ரூட் கோப்பு கையொப்பம் பெற்றது.

அந்த ஒற்றைச் சாவியை யார் வைத்திருப்பது? இதற்காக, இன்டர்நெட் பெயர்களை ஒருங்கிணைக்கும் ஐகான் அமைப்பு செய்திருக்கும் ஏற்பாட்டைப் பார்த்தால், பாதி பாதுகாப்பு விதி, பாதி சடங்கு என்று தோன்றும். அவர்களே சாவிச் சடங்கு என்றுதான் அழைக்கிறார்கள். அமெரிக்காவின் இரு கரைகளில், கலிபோர்னியாவின் எல் செகுண்டோவிலும் வர்ஜீனியாவின் கல்பெப்பரிலும் இரண்டு அறைகள். அங்கே இரும்புப் பெட்டகத்தில், திறக்க முயன்றால் உள்ளே இருப்பதைத் தானே அழித்துக்கொள்ளும் கருவிக்குள் சாவி இருக்கிறது. அதை இயக்கும் ஸ்மார்ட் கார்டுகள் வேறொரு பெட்டகத்தில், தனித்தனி லாக்கர்களில். ஓர் இடத்துக்கு ஏழு பேர் வீதம் பல நாடுகளைச் சேர்ந்தவர்கள் லாக்கர் சாவிகளை வைத்திருக்கிறார்கள். மூவராவது வந்தால்தான் கருவி வாய் திறக்கும். வருடத்துக்கு நான்கு முறை கூடுகிறார்கள். கையில் அச்சிட்ட வரிசைக்குறிப்பு, ஒவ்வொரு படிக்கும் நேரம் எழுதி ஒரு கையெழுத்து, எல்லாம் கேமரா முன்னால், நேரலையில். கருவிகள் எல்லாம் அழிந்துபோனால், காப்புப் பிரதியைத் திறந்து சாவியை மீட்க உதவும் துண்டுகள் இன்னும் ஏழு பேரிடம் உண்டு. தொடக்கத்தில் அந்த ஏழு பேரில் ஒருவர் டான் காமின்ஸ்கி. 2021 ஏப்ரலில், நாற்பத்திரண்டு வயதில் அவர் இறந்துபோனார்.

இத்தனை ஜாக்கிரதைக்கும் பூட்டு ஒத்துழைக்க வேண்டுமே. 2020 பிப்ரவரியில் எல் செகுண்டோவின் பெட்டகம் திறக்க மறுத்துவிட்டது. பூட்டுக்காரரை வரவழைத்துத் துளைபோட்டுத்தான் திறந்தார்கள். சடங்கு சில நாள் தள்ளிப்போனது. அதற்கடுத்த சடங்குக்குள் கொரோனா வந்து பயணம் முடங்கியது. பொறுப்பாளர்கள் சிலர் லாக்கர் சாவியைத் தபாலில் அனுப்பிவிட்டு வீட்டிலிருந்தே பார்த்துக்கொண்டிருந்தார்கள். எதற்கும் இருக்கட்டும் என்று ஒன்பது மாதத்துக்கான கையொப்பங்களை ஒரே தடவையில் தயாரித்துக்கொண்டார்கள்.

ரூட்டில் இவ்வளவு கெடுபிடி. கீழே வந்தால் நிலைமை வேறு. .காம் 2011இலேயே கையொப்பம் பெற்றுவிட்டது, ஆனால் அதன் கீழே உள்ள டொமைன்களில் மிகச் சிறிய பங்கே கையொப்பமிடுகின்றன. காரணம் சோம்பல் மட்டும் இல்லை. கையொப்பம் இல்லாத டொமைன் தவறு செய்தால் பல நேரம் எப்படியோ ஓடிவிடும். கையொப்பமிட்ட டொமைன் தவறு செய்தால் சுத்தமாக மறைந்துவிடும். 2021 செப்டம்பர் 30 அன்று ஸ்லாக் நிறுவனம் தன் டொமைனுக்குக் கையொப்பமிடப் போய், சிக்கலாகிப் பின்வாங்கியது. பின்வாங்கிய பிறகும் பழைய பதிவு கேஷில் தங்கிவிட்டதால் சிலருக்கு ஒரு நாள் வரை ஸ்லாக் கிடைக்கவில்லை. இதையெல்லாம் பார்த்தவர்கள், இணையதளங்களுக்கு எச்டிடிபிஎஸ் சான்றிதழ் இருக்கிறதே, அது போதாதா என்று கேட்கிறார்கள். அரைகுறைக் கேள்வி அது. சான்றிதழ் வழங்குகிறவர்களே, கேட்பவருக்கு அந்த டொமைன் சொந்தம்தானா என்று பெரும்பாலும் டிஎன்எஸ்ஸை நம்பித்தான் சோதிக்கிறார்கள்.

கேள்வியை யாரும் ஒட்டுக்கேட்காமல் மறைத்து அனுப்பும் முறைகளும் வந்துவிட்டன. இன்று பிரவுசர்களில் உண்டு. அவை உங்களுக்கும் ரிசால்வருக்கும் நடுவே திரை போடுபவை. ரிசால்வருக்கே பொய்ப் பதில் கிடைத்தால் அந்தத் திரையால் பயனில்லை.

2016 அக்டோபரில் அடுத்தடுத்து இரண்டு நாள், டிஎன்எஸ்ஸின் இரண்டு பலவீனங்கள் தனித்தனியாக அம்பலமாயின. 21ஆம் தேதி, தொற்றுப் பிடித்திருந்த ஏராளமான கேமராக்களும் வீடியோ ரெக்கார்டர்களும் சேர்ந்து, டைன் என்ற டிஎன்எஸ் நிறுவனத்தின் மீது பாக்கெட் மழை பொழிந்தன. ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ், ரெட்டிட் எல்லாம் பலருக்குத் திறக்கவில்லை. அந்தத் தளங்களின் சர்வர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. அவற்றின் எண்ணைச் சொல்ல ஆளில்லை. உலகச் செய்தியானது அது.

மறுநாள் 22ஆம் தேதி பிரேசிலில் நடந்தது பல மாதம் கழித்துத்தான் வெளியே தெரிந்தது. பெயர் வெளியிடப்படாத ஒரு வங்கியின் முப்பத்தாறு டொமைன்களும் சில மணி நேரம் திருடர்கள் கையில் இருந்தன. எண்ணை ஊகிக்கவில்லை, கேஷில் விஷம் கலக்கவில்லை. டொமைன் பதிவுக் கணக்குக்குள் புகுந்து, சர்வர் முகவரியை மாற்றிவிட்டார்கள், அவ்வளவுதான். உரிமையாளர் மாற்றியதாகத்தான் உலகம் அதை எடுத்துக்கொண்டது. போலித் தளத்துக்கு நிஜமான சான்றிதழும் கிடைத்திருந்தது. பிரவுசரில் பூட்டுச் சின்னம் ஒழுங்காகத் தெரிந்தது. வாடிக்கையாளர்களை எச்சரிக்கலாம் என்றால் வங்கியின் மின்னஞ்சலும் அதே டொமைன்களில்தான் இருந்தது. அதுவும் திருடர்கள் கையில்.

பதிவேட்டிலேயே பெயர் மாறிவிட்டால் தாய்ப்பத்திரம் எத்தனை சுத்தமாக இருந்தும் என்ன? டிஎன்எஸ்செக் இதைத் தடுக்காது. கணக்குக்குள் நுழைந்தவன் புதுச் சாவியையும் பதிந்துகொள்வான். 2019 ஜனவரி 22 அன்று, இதே பாணித் திருட்டுகள் பல நாட்டு அரசுகளைத் தாக்கியபோது, அமெரிக்காவின் சைபர் பாதுகாப்பு முகமை தன் அரசுத் துறைகளுக்கு அவசர உத்தரவு போட்டது. டிஎன்எஸ் பதிவுகளைச் சரிபார், பாஸ்வேர்டை மாற்று, இரண்டடுக்குச் சோதனையைப் போடு. பத்து வேலை நாள் அவகாசம். இவ்வளவு கணிதம், இத்தனை பெட்டகம் எல்லாம் கடந்து வந்து, என் கணக்கில் இன்றைக்கும் மிகப் பெரிய ஓட்டை இந்தப் பாஸ்வேர்டுதான்.

கடைக்கோ பள்ளிக்கோ பத்திரிகைக்கோ உங்கள் பெயரில் ஒரு டொமைன் இருக்கலாம். பதிவுக் கணக்கில் இரண்டடுக்குச் சோதனையைப் போடுங்கள். டொமைன் இடமாற்றத்துக்கான பூட்டு போட்டிருக்கிறதா, காலாவதித் தேதி எப்போது என்று பாருங்கள். டிஎன்எஸ்செக்கைப் பொறுத்தவரை, பதிவு நிறுவனமும் டிஎன்எஸ் நடத்துபவரும் ஒருவராகவே இருந்தால் பெரும்பாலும் ஒரு பொத்தான்தான், போட்டுவிடுங்கள். அந்தக் கணக்குக்குக் கொடுத்திருக்கும் மின்னஞ்சல் முகவரி அதே டொமைனில் இருந்தால், மற்றதெல்லாம் நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம், அதை இன்றே மாற்றிவிடுங்கள்.